சித்தி ஒழுங்குபடுத்திய வீடு

நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த வருடங்களில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரே பெரிய காரியம், சித்தி சோபா விற்பதை விட்டுவிட்டுச் சமூகப் பணியாளர் ஆனது. அம்மா இதைப் போனில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஊர் வம்பு பார்க்கறதுக்கு சம்பளம் தர்றாங்கன்னா உன் சித்தி விடுவாளா?" என்றாள்.

போன இடங்களிலெல்லாம் நான் சமூக சேவைக்காரர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மலிவான தங்கும் விடுதிகளில் மேல்கட்டிலில் யாராவது ஒருவர் கண்டிப்பாக இருப்பார். இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் போதும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு மழை நாளில், ஒரு குழந்தையின் கண்களில், என்று ஆரம்பித்துவிடுவார். எல்லாருடைய கதையிலும் மழை பெய்தது. திரும்பி வந்ததும் சித்தியிடமும் அதையே கேட்டேன். சித்தி கதையில் ஒரு சொட்டு மழை இல்லை.

"எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஆப்பிளால வந்த வினை" என்றாள்.

பிறகு அம்மாவும் சொன்னாள், சித்தியின் எதிர்வீட்டுக்காரரும் சொன்னார். மூன்று பேர் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் ஒருவர் சிரித்தாரா, தும்மினாரா என்பதில் மட்டும் அவர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது.

சித்தி வேலை பார்த்தது ஒரு பெரிய மரச்சாமான் கடையில். கீழ்த்தளத்தில் விற்பனை. மேல்தளத்தில் மாதிரி அறைகள்: ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. அவற்றை அடுக்கி அழகுபடுத்துவது சித்தியின் பொறுப்பு. அங்கே டிவி அட்டையில் செய்தது. அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கு முதுகு மட்டும் உண்டு, உள்ளே காற்று. சாப்பாட்டு மேஜையில் கிண்ணம் நிறையப் பழங்கள். எல்லாம் பிளாஸ்டிக், ஆனால் துடைத்து வைத்தால் நிஜப்பழமே வெட்கப்படும்.

"யாருமே குடியிருக்காத வீட்டைப் பார்த்து, குடியிருந்தா இதுல இருக்கணும்னு ஏங்க வைக்கணும். அதான்டி என் திறமை" என்பாள் சித்தி.

அந்தத் திறமை கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. ஒருமுறை எங்கள் வீட்டில் ஒரு மதியம் தங்கிவிட்டுப் போனாள். சாயங்காலம் அப்பா களைத்து வந்து, எப்போதும் போலத் திரும்பிப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி ஜன்னலோரத்துக்குக் குடிபோயிருந்தது. அப்பா தரையில் இருந்தபடியே அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "உன் தங்கச்சி வந்திருந்தாளா?" என்று கேட்டார்.

சித்தியின் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். ரயில் நிலையத்தில் உட்கார்ந்து, வண்டிகள் வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆள் மட்டும்தான், குரல் இல்லை. குப்பை கொட்டப் போனாலும், "கனிவான கவனத்திற்கு! இரண்டாம் மாடியிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் குப்பைப் பை இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். வழியில் சைக்கிள் நிறுத்தியிருப்பவர்கள் உடனே எடுத்துவிடவும்" என்று படிக்கட்டு அதிரச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் அனௌன்ஸர் சார்.

அனௌன்ஸருக்கு ஒரு மகள், தொலைதூர நகரத்தில். அப்பா கடைக்குப் போகும்போது காலுக்கு ஒரு செருப்பாக, ஜோடி இல்லாமல் போட்டுக்கொண்டு போகிறார் என்று கட்டடத்தில் யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். மகள் பயந்துபோனாள். அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறதோ என்று நலத்துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டாள். அங்கிருந்து ஒரு மேடம் வந்து வீட்டைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார். தனியாக இருக்க முடியும் என்று மேடம் சொன்னால் இருக்கலாம். முடியாது என்றால் முதியோர் இல்லம்.

அனௌன்ஸர் வந்து சித்தியின் கதவைத் தட்டினார்.

"ஒரு வருத்தமான அறிவிப்பும்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

"இல்லம் எப்படி சார்? போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நல்ல இடம்தான். சாப்பாடும் மோசமில்லை. ஆனா அங்க ஏற்கனவே ஒலிபெருக்கி இருக்கும்மா. வேற ஒருத்தன் பேசறான்."

"பேசிட்டுப் போறான். உங்களுக்கென்ன?"

"மூக்கால பேசறான்மா" என்றார் அனௌன்ஸர். கண் கலங்கிவிட்டது.

சித்திக்கு மனசு தாங்கவில்லை. எதிரே போய் அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ரேடியோமேல் சர்க்கரை டப்பா. கட்டில் பக்கத்தில் டீ போடுகிற மின்கெட்டில். ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. நாற்காலிமேல் சட்டைகள், சட்டைகள்மேல் தட்டு, தட்டின்மேல் டார்ச். இதைப் பார்த்தால் எந்த மேடமும் வாசலிலேயே முடிவெழுதிவிடுவார் என்று சித்திக்குத் தோன்றியது.

"சார், நீங்க கவலையே படாதீங்க. வீட்டை என்கிட்ட விட்டுடுங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். பாவம், அவர் எங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

மறுநாள் சித்தி கடைக்கு லீவு போட்டாள். அனௌன்ஸரை எங்கள் வீட்டுக்கு அனுப்பி, அன்று முழுக்க அம்மாவின் பொறுப்பில் விட்டாள். ("குக்கர் விசில் அடிச்சா அதுக்கு ஒரு அறிவிப்பு. நான் தும்மினா அதுக்கு ஒரு அறிவிப்பு. சாயங்காலம் எனக்குக் காது இரைச்சல்" என்பது அம்மாவின் தரப்பு.) கடை முதலாளியிடம் கெஞ்சி, ஒரு வேன் நிறைய மாதிரி அறைச் சாமான்களை இரவல் வாங்கி வந்தாள். சித்தப்பா தூக்கினார். சித்தி விரலை நீட்டினாள். சர்க்கரை டப்பா எங்கோ போனது, கெட்டில் எங்கோ போனது. கட்டில் பக்கத்தில் பூ ஜாடி வந்தது. காலுறைகளை ரோஜாப்பூ மாதிரி சுருட்டி, டீத்தூள் இருந்த அலமாரியில் வரிசையாக வைத்தாள். சமையலறையில் யாரும் காலுறை வைப்பார்களா என்று சித்தப்பா கேட்டார். நிறம் ஒத்துப்போகிறது என்றாள் சித்தி. புத்தக முதுகுகள் ஏறின. நடுமேஜையில் பழக்கிண்ணம் உட்கார்ந்தது. குளியலறையில் தரையில் பழைய சாக்கு மாதிரி ஏதோ விரித்திருந்தது. அதைச் சுருட்டி எறிந்துவிட்டு, வழவழவென்று ஒரு நீலக் கம்பளம் போட்டாள்.

சாயங்காலம் அனௌன்ஸர் திரும்பி வந்தார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். "மன்னிக்கணும், வீடு மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார். கீழே இறங்கிப் போய்க் கட்டடத்தின் எண்ணைச் சரிபார்த்துவிட்டு மறுபடி ஏறினார்.

"உங்க வீடுதான் சார்! நல்லா இருக்கா?"

"இருக்கும்மா" என்றார். "இதுல யார் இருக்காங்க?"

சித்தி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

எங்கே எதை வைத்தாள் என்று அவருக்குக் காட்டிக்கொடுக்க மறுநாள் காலையில் போகலாம் என்று நினைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் மேடம் போய்விட்டார். தோளில் பெரிய பை, மூக்கில் ஓயாத ஜலதோஷம், கையில் கைக்குட்டை. சித்தி தலைகூட வாராமல் எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் சோபாவில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க யாரும்மா?"

"எதிர்வீடு மேடம். சும்மா, பேச்சுத்துணைக்கு."

"சந்தோஷம். துணை மட்டும் போதும், பேச்சு வேண்டாம்" என்றார் மேடம். அவர் அனௌன்ஸர் பக்கம் திரும்பினார். "சார், எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. சூடா ஒரு டீ கிடைக்குமா?"

இந்த மேடம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டீதான் கேட்பார். குடிப்பதற்காக இல்லை. டீ போடுகிற ஆளின் கை எங்கே போகிறது, கால் எப்படி நடக்கிறது, அடுப்பையோ ஸ்விட்சையோ அணைக்கிறாரா, எல்லாம் அந்த ஒரு டீயில் தெரிந்துவிடும்.

"இதோ" என்று உற்சாகமாக எழுந்த அனௌன்ஸர், நேராகப் படுக்கையறைக்குப் போனார். பூ ஜாடியைப் பார்த்தார். அதைத் தூக்கி அடியில் பார்த்தார். வெளியே வந்து ரேடியோவின் மேல் கையால் துழாவினார். சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்து, காலுறை ரோஜா ஒன்றை எடுத்து முகர்ந்துபார்த்தார்.

சித்தி சோபாவிலிருந்து கண்ணால் இடது பக்கம் காட்டினாள். புருவத்தால் கீழ்த்தட்டைக் காட்டினாள்.

"கண்ணுல தூசியாம்மா?" என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"கழுவிட்டு வாங்க."

"பரவாயில்லை மேடம், தூசியே போயிடும்."

மேடம் அனௌன்ஸரை உட்காரச் சொன்னார். டீ வேண்டாம் என்றார். அந்த 'வேண்டாம்' ரொம்ப மென்மையாக இருந்தது.

"மாத்திரை சாப்பிடறீங்களா சார்?"

"தினமும் தவறாம!"

"எங்க வெச்சிருக்கீங்க?"

அனௌன்ஸர் வாசலுக்குப் போனார். அங்கே பளபளவென்று பாலீஷ் போட்டு அடுக்கியிருந்த காலணிகளில் இடதுகாலுக்கானதை எடுத்து, உள்ளே கையை விட்டார். எடுத்து உதறினார். பிறகு வலதுகாலுக்கானதிலும் கையை விட்டார்.

மேடத்தின் பேனா ஓடியது.

பேச்சை மாற்றலாம் என்று சித்தி, "சார் நிறையப் படிப்பாரு மேடம்" என்று புத்தக அலமாரியைக் காட்டினாள். மேடம் எழுந்து போய் ஒரு புத்தகத்தை இழுத்தார். வரிசை முழுவதும் ஒரே டப்பாவாகக் கையோடு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மேடம் அதைத் திரும்ப வைத்துவிட்டுக் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்மினார். சிரித்தார் என்று சித்தி சொல்கிறாள், அனௌன்ஸர் தும்மல்தான் என்கிறார்.

அனௌன்ஸருக்கு அதற்குள் வியர்த்துவிட்டது. கைவசம் இருந்த கடைசி நம்பிக்கை நடுமேஜையில் இருந்தது.

"சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லை மேடம். பழமெல்லாம் நல்லா சாப்பிடறேன்" என்று சொல்லி, சிவப்பாக ஒரு ஆப்பிளை எடுத்து, சித்தி வாயைத் திறப்பதற்குள் ஓங்கிக் கடித்தார்.

க்ரீச் என்று ஒரு சத்தம். ஆப்பிளை வாயிலிருந்து எடுத்தார். மேல்பல் செட் ஆப்பிளோடு வந்துவிட்டது.

அனௌன்ஸர் பல்லோடு இருந்த ஆப்பிளைக் கிண்ணத்தில் பத்திரமாக வைத்தார். வெறும் வாயை இரண்டு முறை அசைபோட்டு, விழுங்குகிற மாதிரியும் செய்தார்.

"கொஞ்சம் காய்" என்றார். பல் இல்லாததால் அது வேறு என்னவோ மாதிரி வந்தது.

இதெல்லாம் எதிர்வீட்டுக்காரி வைத்த சாமான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். அவர் சொல்லவில்லை. நமக்காக லீவு போட்டுவிட்டுச் செய்த பெண்ணைக் காட்டிக்கொடுப்பதா என்று இருந்துவிட்டாராம். மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, வெயில் நன்றாக வரும் அறை என்று சொன்னபோதும் பேசாமல் இருந்தார். வண்டி ஒன்று ரத்தாகிவிட்டால்கூட அழகாகச் சொல்லத் தெரிந்த மனிதர், அன்றைக்கு ஒரு அறிவிப்பும் செய்யவில்லை.

மேடம் இறங்கிப் போனதும் சித்தி படிக்கட்டில் துரத்திக்கொண்டு ஓடினாள்.

"மேடம்! அந்த வீடு அவருது இல்லை!"

"என்னம்மா சொல்றீங்க?"

"அவருதுதான். ஆனா நேத்து வரைக்கும்தான் அவருது. இப்ப எங்க கடையோடது. காலுறை நான் வெச்சது. ஆப்பிள் நான் வெச்சது. மாத்திரையை எடுத்து எங்கயோ வெச்சேன், இப்ப எனக்கே ஞாபகம் இல்லை. நியாயமாப் பார்த்தா நீங்க என்னைத்தான் இல்லத்துல சேர்க்கணும்."

மேடம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூக்கைச் சிந்தினார்.

"ஏன்மா, எதை எங்க வைக்கணும்னு அவரைக் கேட்டீங்களா?"

"அவர் எங்க மேடம் இருந்தாரு? எங்க அக்கா வீட்டுக்குல்ல அனுப்பியிருந்தேன்!"

"பிரமாதம். ஆளை வீட்டை விட்டு அனுப்பிட்டு ஆளுக்கு உதவி பண்ணிருக்கீங்க."

சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. சித்திக்குப் பதில் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை என்று அம்மா சொல்கிறாள், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"திங்கட்கிழமை மறுபடி வர்றேன். வீடு பழையபடி இருக்கணும். உங்க பழையபடி இல்லை, அவரோட பழையபடி" என்று சொல்லிவிட்டு மேடம் எழுந்தார்.

அழகான வீட்டைக் கலைப்பது சுலபம் என்றுதான் சித்தி நினைத்தாள். வேன் வந்து கடைச் சாமான் போனது. மீதியை அள்ளி நாற்காலிமேல் போட்டாள். போட்டதில் தன்னையறியாமல் நிறவாரியாக அடுக்கிவிட்டாள்.

"இப்படி இல்லைம்மா" என்றார் அனௌன்ஸர், பல்லை மாட்டிக்கொண்டு.

"பின்ன எப்படி சார்?"

அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். கேட்டதும் அவர் சொல்லத் தொடங்கிவிட்டார், நிறுத்த முடியவில்லை. ரேடியோமேல் சர்க்கரை ஏன்? காலையில் செய்தி கேட்டுக்கொண்டே டீ குடிப்பார், அதனால். கெட்டில் ஏன் கட்டில் பக்கத்தில்? சமையலறை ஸ்விட்ச் ஷாக் அடித்துக் கையைக் கடிக்கிறது, அதனால். மாத்திரை ஏன் இடது செருப்பில்? காலையில் நடக்கப் போகக் காலை விட்டால் குத்தும், உடனே போட்டுக்கொள்ளலாம்.

"ஜோடி இல்லாம செருப்புப் போடறீங்களே, அது?"

"வலது கால் வீங்குதும்மா. அந்தக் காலுக்குப் பெரிய செருப்பு. இடது கால் நல்லாத்தானே இருக்கு, அது எதுக்குப் பெரிய செருப்புல போய்க் கஷ்டப்படணும்?"

இதில் எங்கே நினைவுத் தடுமாற்றம் இருக்கிறது என்று சித்திக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். குளியலறையில் வந்து நின்றார்கள்.

"இங்க சாக்கு விரிச்சிருந்தீங்களே சார், அது எதுக்கு?"

அனௌன்ஸர் குழாயைத் திறந்தார், மூடினார்.

"ரெண்டு தடவை வழுக்கி விழுந்துட்டேன்" என்றார், மிகச் சின்னக் குரலில். "யாருக்கும் சொல்லலை. சொன்னா மூட்டை கட்டிடுவாங்க. நீயும் சொல்லிடாதேம்மா."

சித்தி அந்த வழவழப்பான நீலக் கம்பளத்தை நினைத்துப் பார்த்தாள். சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்கு அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அவளுடைய வாயில் ஒரு விஷயம் இவ்வளவு நாள் தங்கியதே இல்லை.

திங்கட்கிழமை மேடம் வந்தார். டீ கேட்டார். அனௌன்ஸர் போகிறபோக்கில் ரேடியோமேல் இருந்த சர்க்கரையை எடுத்து, படுக்கையறைக்குப் போய், "கனிவான கவனத்திற்கு! கட்டிலோரம் நின்றுகொண்டிருக்கும் டீ, இன்னும் சில நொடிகளில் கூடத்தை வந்தடையும்!" என்று முழங்கினார். அதேபோல வந்தடைந்தது. மேடம் குடித்தார், நிஜமாகவே குடித்தார். மாத்திரை செருப்புக்குள்ளிருந்து வந்ததைப் பார்த்து, காரணம் கேட்டு, தலையாட்டினார்.

"கடைசியா ஒண்ணு சார். எப்பவாவது விழுந்தீங்களா?"

அனௌன்ஸர் சித்தியைப் பார்த்தார். சித்திக்குச் சொல்ல வேண்டும் போல நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் வாக்கு போகும், சொல்லாவிட்டால் ஒரு நாள் மனிதரே போய்விடுவார். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். உதட்டைக் கடித்தாள். மேடம் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை, காத்திருந்தார். மேடத்துக்குத் தும்மல் வந்தது, அதையும் அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"ஒரு அறிவிப்பு" என்றார் அனௌன்ஸர் கடைசியில். "குளியலறை வழித்தடத்தில் ரெண்டு விபத்து. உயிர்ச்சேதம் இல்லை."

"அப்பாடா!" என்று சித்தி கத்தியே விட்டாள்.

மேடம் பேனாவை மூடினார். "விழுந்ததை மறைக்கிறவங்களைத்தான் சார் தனியா விட எனக்குப் பயம். சொல்றவங்களுக்குச் சுவத்துல ஒரு கைப்பிடி போதும். போட்டுடலாம். உங்க பொண்ணுகிட்ட நானே பேசறேன்."

கிளம்பும்போது வாசலில் நின்று சித்தியை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க அலுவலகத்துல ஆள் பத்தலை. படிப்பு ஒண்ணு இருக்கு, சாயங்கால வகுப்பு. நீங்க சேரணும்."

"எனக்கு அவ்வளவு நல்ல மனசு இருக்குன்னா சொல்றீங்க மேடம்?"

"நல்ல மனசோட நீங்க இப்படிப் படிக்காம வெளிய திரியறது ஆபத்துன்னு சொல்றேன்."

அந்த வாரமே கைப்பிடி மாட்ட ஆள் வந்தார், துளைபோடும் மெஷினோடு. எங்கே மாட்ட என்று கேட்டார். சித்தி வாயைத் திறந்தாள். குழாய்க்கு நேர்மேலே, சுவர் டைல்ஸின் கோட்டோடு ஒட்டி, நேராக மாட்டினால் அவ்வளவு லட்சணமாக இருக்கும். அனௌன்ஸர் ஈரத்தரையில் நின்று, வழுக்குகிற மாதிரி சாய்ந்து, கையைத் தானாகப் போக விட்டார். கை போய் நின்ற இடம் சுவரின் நட்டநடுவே, ஒரு டைலின் பாதியில், கோணலாக.

"இங்க" என்றார்.

"இங்கயா? கோணலா இருக்குமே" என்று அந்த ஆள் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் சொன்ன இடத்துலயே போடுங்க" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு, மெஷின் சத்தம் நிற்கும்வரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பாமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க அவளுக்குத் தலைவலி.